நோக்கம் யாருடையது? மருத்துவக் கருவி என்ற சட்டச் சொல்லும் தோட்டத்து மக்களும்

1. பால்காட்டிலிருந்து ஒரு கேள்வி

மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் இன்று கண்ணில் படுவன கடைவீடுகளும் அடுக்குமாடிகளும் மாணவர் விடுதிகளும்தான். மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை இருப்பதும் இங்கேதான். இங்கிருந்து ஜாசின் பக்கம் போனால் புக்கிட் லிந்தாங், புக்கிட் அசகான் என்று மலாயா ரப்பரின் தொடக்க கால ஊர்கள் வருகின்றன. 1896இல் தான் சாய் யான் ரப்பர் நட்டது புக்கிட் லிந்தாங்கில். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் என்று வரலாற்று நூல்கள் அதைத்தான் குறிக்கின்றன. அதன்பிறகு மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, உளியால் பட்டை சீவி, மங்கில் பால் இறக்கினார்கள்.

அந்தப் பாலில் அம்மோனியா கலந்து, சுழற்சிப் பொறியில் அடர்த்தியாக்கி, கை வடிவ அச்சுகளை அதில் முக்கியெடுத்தால் கையுறை. மருத்துவர் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதற்காக என்று தயாரிப்பாளர் அறிவித்தால், மலேசியச் சட்டத்தின் முன் அந்தக் கையுறை ஒரு மருத்துவக் கருவி. மீன் கழுவவும் சமையலுக்கும் என்று அறிவித்தால் அது வெறும் கையுறை. பாலும் அச்சும் ஆலையும் ஒன்றாகவே இருக்கலாம். பொருளின் சட்டப் பிறப்பை முடிவு செய்வது அதற்குச் சொல்லப்பட்ட நோக்கம்.

அப்படியானால், அந்த நோக்கத்தைச் சொல்லும் உரிமை யாருக்கு? எந்த மொழியில், எந்த இடத்தில் சொன்னால் சட்டத்தின் காதில் விழும்? இக்கட்டுரை ஆராய்வது இந்தக் கேள்வியை. மருத்துவக் கருவிச் சட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது குறைவு. எழுதப்படும்போதும் அது வணிகர்களுக்கான உரிம வழிகாட்டியாக முடிந்துவிடுகிறது. ஆனால் இனிப்புநீர் பார்க்கும் மானியும் இரத்த அழுத்தக் கருவியும் இல்லாத தமிழ் வீடு மலாக்காவில் இன்று அரிது. இது நம் வீட்டுச் சட்டமும்தான்.

2. சட்டத்தின் சொல்

மலேசியாவில் இதை ஆள்வது 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டம், அதாவது சட்டம் 737. அதனுடன் பிறந்த சட்டம் 738, மருத்துவக் கருவி ஆணையத்தைச் சுகாதார அமைச்சின் கீழ் அமைத்தது. சட்டம் 737 நடைமுறைக்கு வந்தது 2013 ஜூன் 30இல். அதற்கு முன் மருந்துகளுக்கு 1952ஆம் ஆண்டின் மருந்து விற்பனைச் சட்டமும் 1984ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் இருந்தன. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சுக் கருவிகளுக்கு 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் இருந்தது. கத்தி, ஊசி, கையுறை, இதய முடுக்கி ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் சட்டம் இருக்கவில்லை. 2006இல் தொடங்கிய பதிவுத் திட்டமும் விரும்பினால் சேரலாம் என்ற அளவில்தான் இருந்தது.

சட்டத்தின் இரண்டாம் பிரிவு தரும் வரையறையை மூன்று படிகளாகப் பிரித்து வாசிக்கலாம். முதற்படி பொருள். கருவி, எந்திரம், உடலுக்குள் பொருத்தும் உறுப்பு, ஆய்வுக்கூட வினைப்பொருள், மென்பொருள், வேறு எந்தப் பொருளானாலும் சரி என்று வலை மிக அகலமாக விரிகிறது. இரண்டாம் படி நோக்கம். நோயைக் கண்டறிதல், தடுத்தல், கண்காணித்தல், குணப்படுத்தல், காயத்துக்கு ஈடுசெய்தல், உடலமைப்பைத் தாங்குதல், உயிரைக் காத்தல், கருத்தடை, மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்தல், உடலிலிருந்து எடுத்த மாதிரியை ஆய்ந்து தகவல் தருதல் ஆகியவற்றில் ஒன்றுக்காக மனிதரிடம் பயன்பட வேண்டும் என்று தயாரிப்பாளர் கருதியிருக்க வேண்டும். மூன்றாம் படி செயல்படும் விதம். முதன்மைப் பயனை மருந்தியல், நோயெதிர்ப்பு, வளர்சிதைமாற்ற வழிகளில் அடையக் கூடாது. அப்படி அடைந்தால் அது மருந்து. துணையாக மருந்து இருந்தால் குற்றமில்லை. மருந்து பூசிய இதயக்குழாய் ஸ்டென்டின் முதன்மை வேலை குழாயைத் திறந்து வைப்பது. பூசிய மருந்து அதற்கு உதவிக்கு வருகிறது. ஆகவே அது கருவி.

இந்த வரையறை மலேசியாவில் பிறந்ததன்று. 1992இல் தொடங்கிய உலக ஒத்திசைவுப் பணிக்குழு வகுத்த சொற்களே பெரும்பாலும் இதில் உள்ளன. பெரிய கையுறை ஏற்றுமதி நாடான மலேசியாவுக்கு, வாங்கும் நாடுகளின் மொழியிலேயே சட்டம் பேசுவது தேவையாக இருந்திருக்கும். இதில் குறை காண எதுவுமில்லை. என் கண் நிற்பது இரண்டாம் படியில், தயாரிப்பாளரின் கருத்து என்ற அந்த ஒரு சொல்லில்.

3. நோக்கம் ஏன் அச்சாணியாயிற்று

இந்தச் சொல்லின் வலிமையை 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் காட்டியது. மூளை மின்னலைகளைப் பதியும் ஒரு கருவி மருத்துவக் கருவிக்குரிய அடையாளமின்றி விற்கப்படுவதாகப் போட்டி நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தது. பிரெயின் புராடக்ட்ஸ், பயோசெமி வழக்கு என்று அறியப்படுவது இதுதான். கருவி மனித உடலின் இயக்கத்தை ஆராய்கிறது என்பது உண்மை. ஆனால் தயாரிப்பாளர் அதை மருத்துவத்துக்காக என்று கருதவில்லை. ஆகவே அது மருத்துவக் கருவியாகாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. எதைச் செய்ய முடியும் என்பதைவிட எதற்காக விற்கப்படுகிறது என்பதே சட்டத்தின் கேள்வி.

இந்தியா வேறு பாதையில் வந்தது. அங்கே இன்றும் மருத்துவக் கருவிகள் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. கருவியைச் சட்டம் 'மருந்து' என்றே அழைக்கிறது. 1960களின் தொடக்கத்தில் சிமன்லால் ஜகஜீவன்தாஸ் சேட் வழக்கில், உறிஞ்சும் பஞ்சும் கட்டுத்துணியும் காஸ் துணியும்கூட மருந்து என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தரமற்ற பஞ்சு அறுவைக் காயத்தில் படுவதைத் தடுக்க அன்று வேறு சட்டவழி இல்லை. நீதிபதிகள் சொல்லை நீட்டி மனிதரைக் காத்தார்கள். 2017இல் தனி விதிகள் வந்தன. 2020 பிப்ரவரி அறிவிக்கை, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளையும் மருந்து என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. மதுரையில் 1992 முதல் கண்ணுக்குள் பொருத்தும் வில்லை செய்துவரும் ஆரோலேப் போன்ற நிறுவனம், மாத்திரை செய்பவருக்காக எழுதிய சட்டத்தின் நிழலில்தான் இயங்குகிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மலேசியாவின் வழி தெளிவானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கருவி கருவியாகவே அழைக்கப்படுகிறது. நோக்கத்தை நடுவில் வைப்பதும் சரியே. இல்லையென்றால் தச்சரின் ரம்பமும் எலும்பு மருத்துவரின் ரம்பமும் ஒரே சட்டத்தில் மாட்டிக்கொள்ளும்.

4. வகுப்பும் பதிவும்

நோக்கம் முடிவானதும் ஆபத்தின் அளவு பார்க்கப்படுகிறது. ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகள். சோதனைக் கையுறை ஏ. அறுவைக் கையுறை பி. ஆணுறை சி. இதய முடுக்கி டி. தயாரிப்பாளரோ, வெளிநாட்டுத் தயாரிப்பாளரின் அதிகாரம் பெற்ற உள்ளூர்ப் பிரதிநிதியோ சான்றுகளைத் திரட்டி, ஏ தவிர்ந்த வகுப்புகளுக்கு இணக்க மதிப்பீட்டு அமைப்பின் சரிபார்ப்பையும் பெற்று, ஆணையத்திடம் பதிய வேண்டும். பதிவு ஐந்தாண்டு செல்லும். பதியாமல் இறக்குமதி செய்தாலோ, ஏற்றுமதி செய்தாலோ, சந்தையில் விட்டாலோ 200,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சந்தைக்கு வந்தபின் உள்ள கடமைகளை 2019ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் விரித்துரைத்தன. அவை 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. பொதுச் சுகாதாரத்துக்குக் கடும் அச்சுறுத்தல் என்றால் 48 மணி நேரத்தில் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மரணமோ கடும் பாதிப்போ நேர்ந்தால் 10 நாளில். மறுபடி நேர்ந்தால் அப்படியாகலாம் என்றால் 30 நாளில். யாருக்கு விற்றோம் என்ற விநியோகப் பதிவும் வைத்திருக்க வேண்டும். குறையுள்ள சரக்கைத் திரும்பப் பெற அந்தப் பதிவுதான் வழி.

5. கையுறை கற்பிப்பது

1889, 1890 வாக்கில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கிருமிநாசினியால் தோல் வெந்துபோன செவிலி ஒருவருக்காக அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். அறுவைக் கூடத்தில் கையுறை வேலை செய்பவரின் கையைக் காக்க வந்தது. நோயாளியைக் காக்கும் என்பது பிறகு தெரிந்தது. 1980களில் எய்ட்ஸ் அச்சம் பரவியபோது உலகமே கையுறை கேட்டது, மலேசிய ஆலைகள் பெருகின. நம் மக்கள் வெட்டிய பால் உலக மருத்துவமனைகளின் விரல்களில் ஏறியது.

அதோடு ஒவ்வாமையும் வந்தது. இயற்கை ரப்பர்ப் பாலின் புரதங்கள் சிலருக்குத் தோல் அரிப்பிலிருந்து மூச்சுத் திணறல் வரை கொண்டுபோயின. 1998 முதல் அமெரிக்கா, ரப்பர்ப்பால் கலந்த மருத்துவக் கருவிகளில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. கையுறையை எளிதாக மாட்ட உள்ளே தூவிய சோளமாவுத் தூள் அந்தப் புரதத்தைக் காற்றில் ஏற்றியது. அறுவைக் காயத்துக்குள் போய்க் கட்டிகளையும் ஒட்டுதல்களையும் உண்டாக்கியது. 2017 ஜனவரி 18 முதல் அந்நாடு தூளிட்ட மருத்துவக் கையுறைகளைத் தடை செய்தது. 1983இல் செயற்கை முடி நார்களுக்குப் பிறகு அங்கே முற்றாகத் தடையான மருத்துவக் கருவி அதுதான். மலேசியாவிலும் ரப்பர் வாரியம் குறைந்த புரதத்துக்கான தரச்சான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. விலையும் ஒவ்வாமையும் சேர்ந்து, பெட்ரோலியத்திலிருந்து பிறக்கும் நைட்ரைல் கையுறை முன்னுக்கு வந்தது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் கையுறைகளில் பெரும்பகுதி நைட்ரைல். எஞ்சிய ரப்பர் கையுறைக்கான பாலின் பெரும்பங்கும் தாய்லாந்திலிருந்து வருகிறது.

நோயாளியைக் காக்க எங்கோ எழுதிய ஓர் எச்சரிக்கை வரி, பால்காட்டின் விலைவாசிக்குள்ளும் நுழைகிறது. ஆனால் மருத்துவக் கருவிச் சட்டத்தின் எந்தப் பக்கத்திலும் பால் வெட்டியவர் இல்லை. ஆலைத் தொழிலாளியும் இல்லை. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை மலேசியக் கையுறைகளைத் துறைமுகத்தில் நிறுத்தியது கட்டாய உழைப்பு ஐயத்தால். அதற்குக் கைகொடுத்தது 1930ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டம். கையுறையின் ஓட்டையைக் கண்டுபிடிக்க ஆயிரம் மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் தரநிலை இருந்தது. அதைச் செய்தவர் எங்கே உறங்கினார் என்று கேட்கும் தரநிலை மருத்துவக் கருவிச் சட்டத்தில் இல்லை. மலேசியாவில் அந்தக் கேள்வியைக் கேட்டது சட்டம் 446. தோட்ட, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்கென்று 1990இல் வந்த அந்தச் சட்டத்தை 2019இல் திருத்தி, 2020 ஜூன் 1 முதல் எல்லாத் தொழில்துறைக்கும் விரித்தார்கள். லயத்து வீட்டுக்காகப் பிறந்த சட்டம் கையுறை ஆலையின் விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததைத் தோட்டத்து மக்களின் வரலாற்றில் ஒரு பேறாகவே நான் எண்ணுகிறேன்.

நோக்கம் என்ற அச்சாணி கழன்றால் என்ன ஆகும் என்பதும் அதே காலத்தில் தெரிந்தது. தொற்றின் நெருக்கடியில் 2020 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கையுறை விதிகளைத் தளர்த்தியது. 2021 அக்டோபரில் சிஎன்என் வெளியிட்ட புலனாய்வின்படி, ஏற்கெனவே பயன்படுத்திய, கழுவிச் சாயமேற்றிய நைட்ரைல் கையுறைகள் தாய்லாந்திலிருந்து கோடிக்கணக்கில் அந்நாட்டுக்குள் போயின. பதிவும் வகுப்பும் வெறும் காகிதவேலை என்று சொல்வோருக்கு இது போதுமான பதில்.

6. இனிப்புநீர் மானியும் தமிழ் வீடும்

2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்ற நிலை. ஆகவே நம் மக்களுக்கு மிக நெருங்கிய மருத்துவக் கருவி விரல்நுனியைக் குத்திப் பார்க்கும் அந்தச் சிறு மானிதான். தானே சோதித்துக்கொள்ளும் கருவி என்பதால் சட்டம் அதைச் சி வகுப்பில் வைக்கிறது. கிளினிக்கில் பயிற்சி பெற்றவர் கையிலிருப்பதைவிட வீட்டில் தனியாக இருப்பவர் கையிலிருப்பது ஆபத்து என்ற புரிதல் இதில் இருக்கிறது. வரையறையில் இல்லாத பயனர் வகுப்பு முறையில் எட்டிப் பார்க்கும் இடம் இது.

உலகத் தரநிலையான ஐஎஸ்ஓ 15197இன் 2013ஆம் ஆண்டு வடிவம், 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் மானியின் முடிவுகளில் 95 விழுக்காடு ஆய்வுக்கூட அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்கிறது. அதாவது நல்ல மானிகூடச் சற்று விலகும். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் அளவு ஏறிக் காட்டும். நாள் கடந்த சோதனைப் பட்டையும், மூடாத டப்பாவில் ஈரம் கோத்த பட்டையும் பிழையாகக் காட்டும். இவையெல்லாம் விளக்கத்தாளில் உண்டு. எந்த மொழியில்? வீட்டில் பயன்படுத்தும் கருவியின் விளக்கம் மலாயில் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் வழிகாட்டி. அது நியாயமான தொடக்கம். ஆனால் இந்தத் தாளை அதிகம் தேவைப்படும் முதியவர்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சில வகுப்பு மட்டும் படித்தவர்கள். பொடி எழுத்து மலாய் அவர்களுக்கு எட்டாது.

இன்னொரு சிக்கல் ஊரிலிருந்து வருகிறது. சென்னைக்குப் போய்வரும் உறவினர் மலிவாக ஒரு மானி வாங்கி வருவார். அது மில்லிகிராமில் பேசும். மலேசியக் கிளினிக் மில்லிமோலில் பேசும். இங்கே 7 என்பது அங்கே 126. பதினெட்டால் வகுக்கத் தெரியாதவர் 126ஐப் பார்த்து அஞ்சுவார், அல்லது அதன் பொருள் தெரியாமல் விட்டுவிடுவார். இந்தியாவில் அது முறையாகப் பதிந்த கருவியாகவே இருக்கலாம். இங்கே அதற்கு உள்ளூர்ப் பிரதிநிதி இல்லை. அதன் பட்டைகளில் குறை கண்டு திரும்பப் பெற்றால் அந்த அறிவிப்பு புக்கிட் பெருவாங் வீட்டுக்கு வந்து சேராது.

7. மண்டபத்தில் சொல்லப்படும் நோக்கம்

சில ஆண்டுகளுக்கு முன் ஜாசின் வட்டாரத்தில் ஒரு பொதுமண்டபத்தில் நானே உட்கார்ந்து கேட்டேன். காந்தக் கைவளையம் விற்க வந்தவர் அழகான தமிழில், இனிப்புநீர் இறங்கும், பிரஷர் மாத்திரையை மெதுவாக விட்டுவிடலாம் என்றார். கீழே இருந்தவர்களில் பலர் ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளர்கள். பெட்டியை வாங்கிப் பார்த்தேன். உடல்நலத்துக்கு உகந்தது என்ற ஒரே வரி, ஆங்கிலத்தில். பெட்டியின்படி அது ஓர் அணிகலன். மண்டபத்தின்படி அது நோய் தீர்க்கும் கருவி.

இந்த இடைவெளிதான் சட்டம் 737இன் பெரிய பலவீனம் என்பது என் மதிப்பீடு. தயாரிப்பாளரின் கருத்தை அறிய முகப்பையும் விளக்கத்தாளையும் விளம்பரத்தையும் பார்ப்பது வழக்கம். எழுத்தில் அடக்கமாகவும் வாயில் தாராளமாகவும் பேசும் விற்பனையாளர் இதில் நழுவிவிடுகிறார். ஐரோப்பாவின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விளம்பர வாசகங்களையும் விற்பனைக் கூற்றுகளையும் நோக்கத்தின் சான்றாக வரையறையிலேயே சேர்த்தது. அமெரிக்க விதி இன்னும் தெளிவு. விற்பவரின் பிரதிநிதி வாயால் சொன்னதும் நோக்கத்துக்குச் சான்றாகும் என்கிறது.

மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் மருந்து (விளம்பர, விற்பனை)ச் சட்டம், நீரிழிவு உள்ளிட்ட பட்டியலிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது என்று சிலர் சுட்டுவார்கள். உண்மைதான். ஆயினும் அது விளம்பரத்தைத் தண்டிக்கும் சட்டம். பொருளை மருத்துவக் கருவியாக்கிப் பதிவுக்கும் சோதனைக்கும் உள்ளாக்க அதனால் முடியாது. வேறொரு கதவு சட்டம் 737க்குள்ளேயே இருக்கிறது. பொதுமக்கள் பாதுகாப்பைக் கருதி, மனித உடலில் பயன்படும் எந்தப் பொருளையும் அரசிதழ் ஆணையால் மருத்துவக் கருவியென அமைச்சர் அறிவிக்கலாம் என்று வரையறையின் இரண்டாம் கூறு சொல்கிறது. தயாரிப்பாளரின் கருத்து அங்கே கேட்கப்படுவதில்லை. நோக்கத்தின் முழு அதிகாரத்தையும் தயாரிப்பாளரிடமே விட்டுவிடக் கூடாது என்பதைச் சட்டத்தை எழுதியவர்களும் உணர்ந்திருந்தார்கள்.

ஆகவே என் முடிவு இது. நோக்கத்தை அச்சாணியாக வைத்தது சரி. அந்த நோக்கத்தைத் தயாரிப்பாளரின் தாளிலிருந்து மட்டும் படிப்பது போதாது. விற்கும் இடத்தில் வாங்குபவரின் மொழியில் சொன்னதும் சான்றாக எண்ணப்பட வேண்டும், வரையறையில் அது எழுதப்பட வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் சி, டி வகுப்புக் கருவிகளுக்கு மலாயுடன் தமிழிலும் சீனத்திலும் சுருக்க விளக்கம் கட்டாயமாக வேண்டும். செலவு கூடும் என்ற மறுப்பு வரும். நாலு பக்கத் தாளின் செலவு, தவறான அளவை நம்பி இன்சுலின் கூட்டிப் போட்டுக்கொண்ட ஒருவரின் மருத்துவமனைச் செலவைவிடப் பெரிதன்று.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவக் கருவி ஆணையத்தின் பதிவேட்டை யாரும் இணையத்தில் தேடலாம். பதிவு எண்ணில் ஜிஏ, ஜிபி, ஜிசி, ஜிடி என்று தொடங்கினால் இரண்டாம் எழுத்து அந்தக் கருவியின் வகுப்பு. இரத்தம், சிறுநீர் போன்ற மாதிரிகளைச் சோதிக்கும் கருவிகளுக்கு ஐவிடி என்று தொடங்கி வகுப்பெழுத்து வரும். அடுத்த முறை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மானி வாங்கும்போது அந்த எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். மண்டபத்தில் ஒருவர் இனிப்புநீர் இறங்கும் என்று சொன்னால், எழுந்து நின்று எல்லோர் காதிலும் விழும்படி அந்த எண்ணைக் கேளுங்கள்.